எப்படி இருக்குன்னு சொல்லுங்க

நண்டு வந்தாயிற்று, இனி நான் கண்ணை மூட வேண்டும். அதற்கு முன்னால் என் பெண்டாட்டி சுகந்திக்குச் சில வேலைகள் இருக்கின்றன. கொடுக்கு கேமராவைப் பார்க்கிற மாதிரித் தட்டைத் திருப்புவாள், எலுமிச்சைத் துண்டை மசாலாவின் ஓரத்துக்கு நகர்த்துவாள், பிறகு அதே கையால் என் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்வாள், நானும் தட்டில் வந்தவன் மாதிரி. "மாமா, கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க, கடல் மறையுது." கடலை நான் மறைக்கிறேனாம். கூட்டுறவு வங்கியின் மேலாளர் ஒருத்தன், லீவு போட்டுவிட்டு, கோபியிலிருந்து சென்னை வந்து, விமானம் ஏறி, கப்பல் ஏறி, கப்பலில் பெண்டாட்டி வாந்தி எடுத்த பையைப் பிடித்துக்கொண்டு நின்று, இந்த அந்தமான் தீவுக்கு வந்து சேர்ந்தது கடலை மறைக்கத்தான் போலிருக்கிறது. நகர்ந்தேன். பார்க்கட்டும், ஊரே பார்க்கட்டும். பச்சையும் நீலமுமாக அது பாட்டுக்குக் கிடக்கிறது, அலை வருகிறது, போகிறது, சத்தம் கேட்கிறது, வாசனை மட்டும் இல்லை. வாசனை இல்லாத கடல் ஒரு பெரிய டிவி, அவ்வளவுதான். நேற்றிலிருந்து அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறேன். இறங்கினதும் இளநீர், அதன் வழுக்கை, அப்புறம் வாழையிலையில் சுட்ட மீன், சாயங்காலம் மணலில் நாற்காலி போட்டு இறால் வறுவல், காலையில் பூரியும் தேங்காய்ப் பால் ஊற்றின ஏதோ ஒரு பணியாரமும், மிளகாய்ப்பொடி தூவின அன்னாசி. இப்போது நண்டு. இதற்கப்புறம் மீன் குழம்பும் சோறும் வரும் என்று காலையிலேயே சொல்லிவிட்டாள், வயிற்றில் இடம் வையுங்கள் என்றாள். என் வயிறு என்ன, அவளுடைய அலமாரியா.

"வணக்கம் சொந்தங்களே," என்று ஆரம்பித்துவிட்டாள். இந்தக் குரல் வேறு. வீட்டில் என்னிடம் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற குரல் இல்லை இது, சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம் வந்த குரல். இதைக் கேட்கத்தான் லட்சம் பேர் போனைத் திறக்கிறார்கள். சேனல் பெயர் சுகந்தி வீட்டு அடுப்பு. அடுப்பு அவளுடையது, வீடு என்னுடையது, இரண்டிலும் நான் வாய் மட்டும். முதல் வீடியோக்களை நாய் கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் ஜிலேபி மீன் குழம்பை வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று என்னை உட்காரவைத்து எடுத்தாள். நான் ஒரு வாய் சாப்பிட்டேன், தன்னால் கண் மூடிக்கொண்டது, திறந்து, "கொன்னுட்டியே புள்ள" என்றேன். நடிக்கவில்லை. பவானி ஆற்று மீன், மண்சட்டி, நல்லெண்ணெயில் வெந்தயம் பொரிந்த அந்த மணம் தொண்டைக்குள் இறங்கி மூக்கின் பின்பக்கம் வழியாக மறுபடி மேலே வந்தது, எனக்கு ஞாபகம் இருக்கிறது, வந்தது என்பது ஞாபகம் இருக்கிறது, என்ன வந்தது என்பது இல்லை. அந்த ஒரு வீடியோவை ஊர் முழுக்கப் பார்த்தார்கள். வங்கிக்கு நகையை அடகு வைக்க வருகிறவர்கள் கூட, கொன்னுட்டியே சொல்லுங்க மாமா என்றார்கள். அடுத்த மாதமே எல்லாருக்கும் வந்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.

"நண்டு எவ்வளவு பெருசு பாருங்க சொந்தங்களே, எங்க மாமா உள்ளங்கையை விடப் பெருசு, கையைக் காட்டுங்க மாமா." காட்டுகிறேன். கையைக் காட்டு, பல்லைக் காட்டு, மாட்டுச் சந்தை. கொடுக்கை உடைத்து வெள்ளைச் சதையை என் வாயருகே கொண்டு வருகிறாள், அவள் கண் என் முகத்தில் இல்லை, திருப்பி வைத்த போன் திரையில் இருக்கிறது, திரைக்குள் ஒரு சின்னச் சென்னியப்பன் வாயைத் திறக்கிறான், அவனைத்தான் பார்க்கிறாள். வாங்கிக்கொண்டேன். ஈரமாக நார் நாராக ஏதோ இருக்கிறது, சூடு தெரிகிறது, உப்பு தெரிகிறது, எலுமிச்சையின் புளிப்பு நாக்கின் ஓரத்தைக் கிள்ளுகிறது, மிளகு எரிகிறது. அவ்வளவுதான் மிச்சம். உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, எரிச்சல். பலாப்பழமும் வெல்லம் போட்ட சேறும் எனக்கு ஒன்று. கோயமுத்தூரில் ஒரு டாக்டரிடம் தனியாகப் போய்க் காட்டினேன், திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார், வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார், சொல்லியாச்சு என்றேன். இப்போது கண்ணை மூடு. மூடினேன். மூன்று எண்ணு. தலையை லேசாக ஆட்டு. திற. "எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்கிறாள் திரையைப் பார்த்து. "கொன்னுட்டியே புள்ள" என்று இங்கே சொல்ல முடியாது, சமைத்தவன் வங்காளி. "நண்டு இனிக்குது," என்றேன். நண்டு இனிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவள் சிரித்தாள், திரைக்குள்ளிருந்த சின்னச் சுகந்தியும் சிரித்தாள்.

ஏன் சொல்லவில்லை. இதுதான் கிணற்று ராட்டினம் மாதிரி ஒரே இடத்தில் சுற்றுகிறது. முதலில் திரும்பி வந்துவிடும் என்று இருந்தேன். அப்புறம் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம், வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், ஒரு நிகழ்ச்சிக்குத் தலைமை தாங்கக் கூடக் கூப்பிட்டார்கள், அந்த நேரத்தில் போய் மூக்கு செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று இருந்தேன். அப்புறம்தான் அது வேறாகிப்போனது. அவளாகக் கண்டுபிடிக்கட்டும் என்று இருந்தேன். முப்பது வருஷமாக ஒரே பாயில் படுக்கிற மனுஷி, எதிரில் உட்கார்ந்து ஒருத்தன் மண்ணை மெல்லுகிற மாதிரி மெல்கிறானே என்று ஒருநாளாவது பார்க்க மாட்டாளா. பார்க்கவில்லை. அடிப்பிடித்துக் கருகின பாயசத்தைப் பிரமாதம் என்றேன், அவள் வாயில் வைத்துவிட்டுத் துப்பினாள், "உங்களுக்கு என்ன கொடுத்தாலும் நல்லாருக்குதான்" என்று சந்தோஷமாகத் திட்டினாள். ஒரு சாயங்காலம் அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது, குளித்துவிட்டு வந்தவள் அலறிக்கொண்டு ஓடி அடைத்தாள், ஜன்னலைத் திறந்தாள், "ஏனுங்க, மூக்கு செத்தா போச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள். அதே வார்த்தை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இதோ, இப்போது புரிந்துவிடும், இதோ என்று. அவள் பாலைத் துடைக்கத் துணி எடுக்கப் போய்விட்டாள். அன்றைக்குத்தான் நான் அவளை வெறுக்க ஆரம்பித்தேன். சின்ன வெறுப்புதான் முதலில், செருப்புக்குள் போன மணல் மாதிரி. இப்போது அவள் எலுமிச்சையை நகர்த்துவது, சொந்தங்களே என்பது, ஏப்பத்தைப் புறங்கையால் மறைப்பது, எல்லாம் சேர்ந்துவிட்டது. பயமும் சேர்ந்துவிட்டது. என்மேல் நாற்றமடித்தால் எனக்குத் தெரியாது. வங்கியில் யாராவது நாற்காலியைத் தள்ளிப் போட்டால் நெஞ்சு திக்கென்கிறது. ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறேன், "இந்த வயசுல என்ன மினுக்கு" என்கிறாள். ராத்திரி ஊறவைத்து அரைத்த வெந்தயத்தைத் தலைக்குத் தேய்ப்பாள், கல்யாணமான நாளிலிருந்து அது அவள் வாசனை, தலையணையில் இருக்கும், என் பனியனில் கூட இருக்கும், இப்போது பக்கத்தில் படுத்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது. கண்ணாடியைத் தட்டக் கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"நான் சமையல்கட்டுக்குப் போயி மீன் குழம்பு தாளிக்கறத எடுத்துட்டு வந்தர்றனுங்க, பிஸ்வாஸ் அண்ணன் வரச் சொன்னாரு," என்று இன்னொரு போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிஸ்வாஸ் இங்கே பரிமாறுகிறவர், என்னைவிட மூத்தவர், நேற்றிலிருந்து இவளுக்கு அண்ணன். "ஸ்டாண்டுல இருக்கறது ஓடட்டும், கடல் அழகா விழுகுது, ஆஃப் பண்ணீராதீங்க." போனாள். மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, உற்சாகமாகப் போகிறாள். நன்றாகப் போ. கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த நண்டைத் தட்டோரம் கிடந்த இலையில் துப்பினேன். போனின் கண்ணைப் பார்த்துக்கொண்டே துப்பினேன், பிறகு வெட்டி எடுத்துவிடுவாள், என்னிடம் வேண்டாதது எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுவாள்.

பக்கத்து மேசையில் ஒரு சின்னஞ்சிறு ஜோடி. காலையில் பூரி எடுக்கும் இடத்தில் பிடித்துக்கொண்டார்கள், தேனியாம், அந்தப் பெண் பெயர் பவதாரிணி, அவளுடைய அம்மாவுக்கு நான் என்றால் உயிராம், செல்பி எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாசம் என்று சுகந்தியிடம் வயிற்றைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள், சுகந்தி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள், அதையும் எடுத்திருப்பாள். இப்போது அந்தப் பெண்ணின் புருஷன் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு யாருடனோ போனில் பேசுகிறான். அவள் தனியாக ஒரு தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், குனிகிறாள், நிமிர்கிறாள், மறுபடி குனிகிறாள். வேண்டாம், இங்கே பார்க்காதே. பார்த்துவிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு வருகிறாள். என் முகம் தன்னால் மாமா முகமாகிவிடுகிறது, வெறுப்பாக இருக்கிறது அந்த முகத்தைப் போட்டுக்கொள்ள, ஈரச் சட்டையை மறுபடி போடுகிற மாதிரி. "மாமா, தப்பா நினைக்காதீங்க, இந்த மீனு ஒரு மாதிரி வாடை அடிக்கிற மாதிரி இருக்கு. இவரைக் கேட்டா, உனக்கு எதுதான் அடிக்கலேங்குறாரு. மாசமானதுல இருந்து எனக்கு எல்லாமே நாறுது மாமா, சோறு வடிச்சாக் கூட நாறுது, அதான் என்னை நானே நம்ப முடியல. கெட்டுப்போன மீனைத் தின்னு வயித்துல இருக்கறதுக்கு எதும் ஆயிருமோன்னு பயமா இருக்கு. நீங்க பாத்துச் சொன்னா நிம்மதியாச் சாப்புடுவேன். பசிக்குது வேற." தட்டை மூக்குக்குக் கீழே நீட்டினாள்.

சோற்றின் மேல் மஞ்சளாக ஒரு துண்டு மீன், ஓரம் பொரிந்து, மேலே கீறின பச்சை மிளகாய். மூச்சை இழுத்தேன். காற்று உள்ளே போனது, காற்றாகவே. நான் சுகந்தியின் முகத்தைத் தேடினேன். இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டினேன், அவள் முதலில் முகர்வாள், புருவம் ஏறினால் நன்றாக இருக்கிறது, மூக்கு சுருங்கினால் இல்லை, அதைப் பார்த்துக்கொண்டு நான் சொல்வேன், என் மூக்கு அவள் முகத்தில்தான் இருந்தது. இப்போது அவள் சமையல்கட்டில் இருக்கிறாள். இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, நம்பிக்கை மட்டும் இருந்தது, பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிற பிள்ளையின் முகம். எனக்குக் கோபம் வந்தது. யார் நீ, உன் வயிறு, உன் மீன், உன் புருஷன் அங்கே தண்ணீரில் விளையாடுகிறான், நான் ஏன். "நல்லாத்தானே இருக்கு," என்று என் வாய் சொன்னது. தாராளமாகச் சாப்பிடு என்றும் சொன்னது. கண்ணைக் கூட லேசாக மூடித் திறந்தேன், பழக்கம். அவள் முகம் முழுக்கச் சிரித்து, "தேங்க்ஸ் மாமா" என்று திரும்பி நடந்தாள்.

நடக்கிறாள். கொலுசு மணலில் சத்தமில்லாமல் போகிறது. நல்ல மீனாகத்தான் இருக்கும், பெரிய ஓட்டல், கெட்ட மீனை வைப்பார்களா, மாசமாக இருக்கிறவளுக்கு எல்லாம் நாறும், சுகந்திக்குத் துவைத்த துணியே நாறியதே, அந்த வருஷம், அந்த முதல் தடவை, நாலாம் மாசம் கலைந்துபோனது, என்ன சாப்பிட்டே, என்ன சாப்பிட்டே என்று என் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், சுகந்தி ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள், நான் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை, போயிருக்கலாம். அதை இப்போது ஏன் நினைக்கிறேன். நல்ல மீன்தான். அவள் உட்கார்ந்துவிட்டாள். சோற்றைப் பிசைகிறாள். நல்ல மீனாக இல்லாவிட்டால் சாயங்காலம் வயிற்றைப் பிடிப்பாள், இந்தத் தீவில் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது, கப்பல் எப்போது, அந்தப் பையன் என்னை வந்து கேட்பானா, கேட்க மாட்டான், மாமா சொன்னாரே என்றுதான் அவளும் நினைத்துக்கொண்டிருப்பாள், என்மேல் சந்தேகமே வராது, யாருக்கும் என்மேல் சந்தேகமே வருவதில்லை, அதுதானே. முள்ளை எடுக்கிறாள். ஒரு துண்டைப் பிட்டுவிட்டாள். நான் எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், மணலில் கால் புதைந்து புதைந்து ஓடி, அவள் கையைப் பிடித்துவிட்டேன். சோறு மேசையெல்லாம் சிதறியது. "சாப்புடாதம்மா. எனக்குத் தெரியாது." அவள் பயந்துபோய்ப் பார்க்கிறாள். "என்ன மாமா?" "எனக்கு வாசமே தெரியாது. காய்ச்சல் வந்ததுல இருந்து ஒண்ணுந் தெரியாது. அழுகினதும் தெரியாது, நல்லதும் தெரியாது. சும்மா சொன்னேன். உங்கிட்டச் சும்மாதான் சொன்னேன்." கையை இன்னும் விடவில்லை. புருஷன்காரன் தண்ணீரிலிருந்து ஓடி வருகிறான், "ஹலோ, என்ன சார் பண்றீங்க." விட்டேன். திரும்பினேன். சுகந்தி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் செருப்பு, ஒரு கையில் போன், பின்னால் மீன் குழம்புக் கிண்ணத்தோடு பிஸ்வாஸ்.

எவ்வளவு கேட்டாள் என்று பார்த்தேன். எல்லாம் கேட்டிருக்கிறாள். முகத்தில் ரத்தம் இல்லை. நேராக அந்த மேசைக்குப் போனாள், தட்டைத் தூக்கி முகர்ந்தாள், ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள், மென்றாள், எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். "கடுகெண்ணெய்," என்றாள். "நம்ம நல்லெண்ணெய் மாதிரி இவங்களுக்கு இது. பழக்கமில்லாதவங்களுக்கு நெடி அடிக்கும். மீன் புது மீனுதான் கண்ணு, பயப்படாத. இது பிடிக்கலீன்னா அதச் சாப்புடு." பிஸ்வாஸின் கையிலிருந்த எங்கள் குழம்பை வாங்கி அந்தப் பெண்ணின் முன்னால் வைத்தாள். சிதறிய சோற்றைக் கையாலேயே கூட்டித் தட்டோரம் ஒதுக்கினாள். பவதாரிணி என்னைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லாத ஒரு மீனுக்காக நான் என்னைக் கொட்டிவிட்டேன். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவள் சாப்பிட்டிருப்பாள், ஒன்றும் ஆகியிருக்காது, நாளைக்கும் நான் கண்ணை மூடித் திறந்துகொண்டிருந்திருப்பேன்.

எங்கள் மேசைக்கு வந்தோம். விழுந்த நாற்காலியை நான் எடுத்துப் போட்டேன். ஸ்டாண்டிலிருந்த போனை அவள் அணைத்து, திரையைக் கீழே பார்க்க மேசைமேல் கவிழ்த்தாள். "காய்ச்சல்ல இருந்தா?" "ஆமா." "டாக்டர்?" "பாத்தேன்." "எங்கிட்டச் சொல்லாமப் போயிப் பாத்தீங்க." நான் மேசைமேல் கிடந்த மணலைத் தட்டிவிட்டேன். "அப்ப நான் ஆக்கிப் போட்டது ஒண்ணுமே. இத்தன நாளா. ஒண்ணுமே உங்களுக்கு." அவள் அழுவாள் என்று இருந்தேன், அழவில்லை. "நீங்க கண்ண மூடறதப் பாக்கறதுக்குத்தானுங்க நான் விடியக்காலைல எந்திரிச்சு அம்மியில அரச்சேன். மிக்ஸி இருந்துச்சே. எனக்கென்ன வேண்டுதலா?" குரல் சொந்தங்களே குரல் இல்லை, மோட்டாரை நிறுத்தச் சொல்கிற குரல் கூட இல்லை. "நீ பாக்கவே இல்ல சுகந்தி," என்றேன். "ஒரு நாளு என் மூஞ்சியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். நீ போனைத்தான் பாத்தே." சொல்லிவிட்டேன். இத்தனை வருஷமாகக் கூர்தீட்டி வைத்திருந்தது, வெளியே வந்ததும் மொட்டையாக இருந்தது. "ஓ," என்றாள். "பாக்கறனா இல்லையான்னு வேடிக்க பாத்துட்டு இருந்தீங்களாக்கும். கேஸு ஓடுனப்பக் கூட. நான் செத்திருந்தாலும் வேடிக்கதான்." இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

அவள் நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரில் போட்டாள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. மிச்சமிருந்த கொடுக்கை உடைத்தாள், ஓட்டை ஒதுக்கி, சதையை என் தட்டில் வைத்தாள், எலுமிச்சையைத் தொடவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றிக் கையில் கன்னத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "பசியில்ல," என்றேன். "சாப்புடுங்க. நான் பாக்கறேன்." "சுகந்தி." "பாக்கலைன்னு தானுங்க இவ்வளவும். இதா, பாக்கறேன். சாப்புடுங்க." கண்ணிமைக்காமல் பார்க்கிறாள். இரக்கம் இல்லை அந்தக் கண்ணில், எரிகிறது, தாடை எலும்பு ஏறி இறங்குகிறது, இந்த முகத்தை எப்போது கடைசியாகப் பார்த்தேன், நெற்றியோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது, மேலுதட்டில் இந்தச் சின்ன மரு முன்பே இருந்ததா, நானும் பார்க்கவில்லையோ, இல்லை, நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், புருவம் ஏறுகிறதா மூக்கு சுருங்குகிறதா என்று மட்டும். எடுத்து வாயில் போட்டேன். உப்பு. ஆறிப்போன நார். பல் அரைக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது. அவள் என் தாடையைப் பார்க்கிறாள், தொண்டையைப் பார்க்கிறாள், கண்ணைப் பார்க்கிறாள். மூடலாமா என்று இமை தன்னால் இறங்கப் பார்த்தது, இறங்காமல் பிடித்துக்கொண்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு மெல்வது என்று எனக்குத் தெரியவில்லை.